கொல்லையில் ஒரு பழ மரம்: முதலில் இடம், பிறகு இரகம்

வீட்டுக் கொல்லையில் ஒரு பழ மரமாவது இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுப்புறங்களில் நெடுநாளைய வழக்கம். ஐந்து ஏக்கர் தோப்பு வைத்திருக்கும் விவசாயிகூட, பிள்ளைகள் பறித்துத் தின்னட்டும் என்று புழக்கடையில் ஒரு கொய்யாவோ மாவோ நட்டு வைப்பதைக் காண்கிறோம். ஆனால் தோப்புக்கு மண் பரிசோதனை செய்து, இடைவெளி அளந்து, இரகம் விசாரித்து நடுகிற அதே விவசாயி, கொல்லை மரத்துக்கு மட்டும் சந்தையில் கிடைத்த கன்றை வாங்கி வந்து, காலியாகக் கிடக்கும் மூலையில் ஊன்றி விடுகிறார்.

உண்மையில் கவனம் அதிகம் தேவைப்படுவது கொல்லை மரத்துக்குத்தான். நூறு மரம் உள்ள தோப்பில் நான்கு மரம் சரியில்லாமல் போனாலும் தொண்ணூற்றாறு காய்க்கும். கொல்லையில் இருப்பது ஒரே மரம். அது காய்க்கவில்லை என்றால் முழுவதும் நட்டம். அதிலும் பணத்தைவிட ஆண்டுகள்தாம் நட்டம். ஆறேழு ஆண்டு தண்ணீர் ஊற்றி வளர்த்த மா பூக்காமல் நிற்பதும், காய்க்கத் தொடங்கிய பலாவைச் சுவர் விரிசலுக்காக வெட்டுவதும் ஊர்தோறும் நடப்பவை. இவற்றில் பெரும்பாலானவை நட்ட அன்றே தீர்மானிக்கப்பட்டு விட்டவை; பின்னால் உரம் போட்டோ மருந்து தெளித்தோ திருத்த முடியாதவை.

ஆகவே, 'எந்த இரகம் நல்ல இரகம்?' என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்து விட்டு இடத்திலிருந்து தொடங்குவோம். இடத்தைப் பார்த்து மரத்தையும், மரம் முடிவான பின் இரகத்தையும் தேர்ந்தெடுப்பதே சரியான வரிசை.

மார்கழி நிழலைப் பாருங்கள்

பழ மரத்துக்கு நாள் ஒன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். இது பலருக்கும் தெரிந்ததே. ஆனால் பலரும் வெயிலைப் பார்ப்பது சித்திரை, வைகாசியில். அப்போது நண்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே இருப்பதால் சுவர் ஓரத்தில்கூட வெயில் விழும். 'இங்கே நல்ல வெயில் அடிக்கிறது' என்று அந்த இடத்திலேயே குழி எடுத்து விடுகிறோம்.

மார்கழியில் நிலைமை வேறு. சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் வீட்டின் நிழலும் சுற்றுச்சுவரின் நிழலும் வடக்குப் பக்கம் நீளும். டிசம்பர் மாதம் 21-ஆம் தேதியை ஒட்டி, கோவையில் நண்பகல் நேரத்தில் பத்து அடி உயரச் சுவரின் நிழல் வடக்கே ஏறக்குறைய ஏழு அடி விழும். கன்னியாகுமரியில் ஆறு அடி. சென்னையில் ஏழு அடிக்கும் சற்று அதிகம். காலையிலும் மாலையிலும் இதைவிட நீளும். கீழ்த்தளம், மேல்தளம், கைப்பிடிச் சுவர் எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு அடி உயர்ந்த மாடி வீடாக இருந்தால் நண்பகலிலேயே பதினைந்து அடிவரை நிழல்தான்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், மார்கழி, தை, மாசி மாதங்கள்தாம் நம் பகுதியில் மா பூக்கும் காலம். கிளை நுனிகளில் வெயில் பட வேண்டிய வேளையில் மரம் வீட்டு நிழலில் நின்றால் இலை மட்டுமே மிஞ்சும். நிழலிலும் ஈரத்திலும் சாம்பல் நோயும் தத்துப்பூச்சியும் பூங்கொத்துகளைக் கருக்கி விடும். எனவே வீட்டுக்கு வடக்கே கொல்லை உள்ளவர்கள் வீட்டை விட்டுத் தள்ளி நட வேண்டும். தெற்கே கொல்லை உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கிழக்கே கொல்லை என்றால் காலை வெயிலும், மேற்கே என்றால் மாலை வெயிலும் கிடைக்கும். மேற்குப் பக்கம் நிற்கும் மரம் கோடைப் பிற்பகலில் வீட்டுச் சுவரையும் குளுமையாக வைத்திருக்கும்.

இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. மார்கழியில் ஒரு நாள் காலை ஒன்பது மணி, நண்பகல், மாலை மூன்று மணி ஆகிய மூன்று வேளையும் நிழலின் ஓரத்தில் ஒரு முளைக்குச்சி அடித்து வைத்தால் போதும். எந்த வேளையிலும் நிழல் எட்டாத இடமே மாவுக்கு உகந்த இடம். ஆடியில் நட எண்ணினால் முந்தைய மார்கழியிலேயே இதைச் செய்து வைப்பது நலம்.

நெல் காயப் போடும் களம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: களத்துக்குத் தெற்கே மரம் நட வேண்டாம். சம்பா அறுவடை வீடு வந்து சேரும் தை மாதத்தில் மரத்தின் நிழல் களத்தின் மேல் விழுந்தால் வீட்டில் சண்டை வராமல் இருக்காது.

மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

கொல்லை மண் வயல் மண் அல்ல. வீடு கட்டிய காலத்தில் கொட்டிய செங்கல் துண்டு, சிமெண்டுக் கலவை, சுண்ணாம்பு, கடைக்கால் தோண்டிய அடிமண் ஆகியவற்றின் மேல் அரை அடி செம்மண் பரப்பி இருப்பார்கள். மேலே பார்த்தால் நல்ல மண், கீழே குப்பை. சுண்ணாம்பும் சிமெண்டும் மிகுந்த இடத்தில் மண்ணின் கார நிலை உயர்ந்து, இரும்புச் சத்தும் துத்தநாகமும் வேருக்குக் கிடைக்காமல் போகும். எலுமிச்சைத் துளிர் நரம்பு மட்டும் பச்சையாகவும் இலைப்பரப்பு மஞ்சளாகவும் வெளுப்பது இதனால்தான். அப்படிப்பட்ட இடத்தில் இடிபாட்டை முழுவதும் அள்ளி அப்புறப்படுத்தி வயல் மண் நிரப்ப வேண்டும், இல்லையேல் இடத்தை மாற்ற வேண்டும்.

நட எண்ணும் இடத்தில் இரண்டு அடி ஆழம், ஓர் அடி அகலத்துக்கு ஒரு சோதனைக் குழி எடுக்கவும். கடப்பாரை சுக்கான் கல்லிலோ கெட்டியான பாறை அடுக்கிலோ மோதினால் அது மாவுக்கும் சப்போட்டாவுக்கும் ஏற்ற இடமன்று. சீத்தாவும் இலந்தையும் அங்கே வரும். மண் ஆழமாக இருந்தால் குழி நிறையத் தண்ணீர் ஊற்றி வடிய விட்டு, மறுபடி ஒருமுறை நிரப்புங்கள். மாலையில் நிரப்பிய தண்ணீர் மறுநாள் காலையிலும் நின்றால் வடிகால் சரியில்லை என்று பொருள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த இடம் சேறாகவே கிடக்கும். பப்பாளி இரண்டு நாள் தேங்கிய தண்ணீரிலேயே அழுகிச் சாயும். எலுமிச்சைக்கும் பலாவுக்கும் வேரடியில் தண்ணீர் நிற்கக் கூடாது. வேறு இடமே இல்லை என்றால் ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு அமைத்து அதன் மேல் நடலாம். குழிக்குள் நட்டால் குழியே தொட்டியாகி விடும்.

மண்ணையும் கிணற்று நீரையும் ஒரு முறையாவது பரிசோதிக்க வேண்டும். மாவட்டத்தில் உள்ள மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுத்தால் செலவு மிகக் குறைவு. ஆழ்குழாய்க் கிணற்று நீர் உப்பாக இருந்தால் மா இலையின் நுனி கருகும், எலுமிச்சை தாங்காது. சப்போட்டாவும் கொய்யாவும் ஓரளவு உப்பைத் தாங்கிக் காய்க்கும். களர் மண் பகுதிகளுக்கென்று வெளியிடப்பட்ட திருச்சி 1 கொய்யா இரகமும் இருக்கிறது.

குளியலறைத் தண்ணீரும் மாமரமும்

நம் வீடுகளில் மரம் நடும் இடத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தண்ணீர் வாய்க்கால்தான். குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் எங்கே ஓடுகிறதோ அங்கே மரம் வைத்தால் தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்ற கணக்கு. வாழைக்கு இந்தக் கணக்கு சரி, தென்னைக்கும் சரி. மாமரத்துக்குச் சரியன்று.

மா பூப்பதற்கு முன் இரண்டு மூன்று மாதங்கள் மரம் ஓய்வில் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் புதுத் துளிர் விடாமல், பழைய கிளைகள் முதிர்ந்து, நுனியில் பூ மொட்டு உருவாகும். தோப்பு விவசாயிகள் பூக்கும் பருவத்துக்கு முன் பாய்ச்சலை நிறுத்துவது இதற்காகத்தான். சமையலறை வாய்க்கால் ஓரத்தில் நிற்கும் மரத்துக்கு இந்த ஓய்வு கிடைப்பதே இல்லை. ஆண்டு முழுவதும் ஈரம், போதாக்குறைக்கு மாட்டுத் தொழுவத்திலிருந்து வழியும் மூத்திரத்தின் தழைச்சத்து. மரம் கரும்பச்சையாகத் தழைத்து, மார்கழியிலும் துளிர் விட்டுக் கொண்டு நிற்கும். 'மரம் நன்றாகத்தான் இருக்கிறது, காய்ப்பதுதான் இல்லை' என்று சொல்லும் வீடுகளில் முதலில் நான் பார்ப்பது வாய்க்கால் எங்கே ஓடுகிறது என்பதைத்தான்.

வாய்க்கால் ஓரம் தவிர வேறு இடம் இல்லாதவர்கள் கொய்யாவையோ சப்போட்டாவையோ தேர்ந்தெடுக்கலாம். அங்கும் சோப்புத் தண்ணீர் ஒரே இடத்தில் தேங்காதபடி வாய்க்காலை மாற்றி மாற்றித் திருப்பி விட வேண்டும். சோப்பில் உள்ள சோடியம் நாளடைவில் மண்ணை இறுக்கி விடும். துணி துவைத்த தண்ணீரை எந்தப் பழ மரத்துக்கும் தொடர்ந்து விடாமல் இருப்பது நல்லது.

சுவர், தொட்டி, கம்பி, காற்று

மரத்தின் இன்றைய அளவைப் பார்க்காமல் பத்தாம் ஆண்டு அளவைப் பார்த்து இடம் ஒதுக்க வேண்டும். தோப்பில் மாவுக்கு முப்பது அடிக்கு மேல் இடைவெளி விடும் வழக்கம் எதற்காக? மரத்தின் கிளை ஒவ்வொரு பக்கமும் பதினைந்து அடி போகும் என்பதற்காக. அதே மரத்தைச் சுவரிலிருந்து ஐந்து அடியில் நட்டால் அது சுவரை விட்டு ஒருபக்கமாகச் சாய்ந்து வளரும். பாதிக் கிளை அடுத்த வீட்டுக்குள் போகும். விழும் சருகுக்காகப் பத்து ஆண்டு பழகிய பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சு நின்று போன கதைகள் எனக்குத் தெரியும்.

வீட்டுச் சுவரிலிருந்து மா, பலா, நாவல் போன்ற பெரு மரங்களுக்கு இருபது அடியும், சப்போட்டாவுக்குப் பதினைந்து அடியும், கொய்யா, எலுமிச்சை, மாதுளைக்கு எட்டு முதல் பத்து அடியும் விடுவது பாதுகாப்பு என்பது என் கருத்து. கரிசல் பகுதிகளில் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொள்ளுங்கள். கரிசல் மண் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும். பெரிய மரம் கோடையில் கடைக்காலுக்கு அடியில் உள்ள ஈரத்தையும் உறிஞ்சும்போது மண் சுருங்கிச் சுவரில் விரிசல் விழும். வேர் நேராகச் சுவரைத் தள்ளுவதைக் காட்டிலும் இதுவே அதிகம் நடக்கிறது. கழிவுநீர்த் தொட்டி, குடிநீர்க் குழாய் ஆகியவற்றுக்கும் இதே அளவு தூரம் வேண்டும். கசிவு உள்ள இணைப்பை வேர் எப்படியும் தேடிக் கண்டுபிடித்து விடும்.

மேலே மின்கம்பி போகிறதா என்று பார்க்க மறக்கக் கூடாது. பலாவை ஓட்டுக் கூரைக்கும் கால்நடை கட்டும் இடத்துக்கும் மேலே கிளை வராத தூரத்தில் நட வேண்டும். பத்துக் கிலோ பழம் ஓட்டின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காற்று இடத்துக்கு இடம் மாறும். பாலக்காட்டுக் கணவாயின் எதிரே உள்ள கோவைப் பகுதியிலும், தேனி, தென்காசி, ஆரல்வாய்மொழிப் பக்கங்களிலும் ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். அங்கே வீட்டின் கிழக்குப் பக்கமே மரத்துக்கு மறைவு. கடற்கரை மாவட்டங்களில் கார்த்திகை, மார்கழிப் புயலை எண்ண வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் கடலூரைத் தாக்கிய தானே புயலில் பண்ணுருட்டி வட்டாரத்தின் பலாவும் முந்திரியும் சாய்ந்தன. 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலில் நாகை, தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னையும் மாவும் பட்ட பாட்டை நாம் பார்த்தோம். பதியன் கன்றுக்கு ஆணிவேர் கிடையாது. ஆகவே கடற்கரையில் பதியன் கொய்யா நடுபவர்கள் முதல் மூன்று ஆண்டுகளும் வலுவான முட்டுக் கொடுத்து, மரத்தைத் தாழ்வாகக் கவாத்து செய்து வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு கேள்வியை வீட்டுப் பெரியவர்கள் எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டு விடுங்கள்: இன்னும் பத்து ஆண்டுக்குள் வீட்டைப் பின்பக்கம் இழுத்துக் கட்டும் எண்ணம் உண்டா? மகனுக்குக் கல்யாணம் ஆனால் ஓர் அறை வேண்டும். டிராக்டருக்குக் கொட்டகை வேண்டும். நல்ல காய்ப்பில் இருக்கும் மரங்கள் வெட்டுப்படுவதற்கு நோயைவிட இதுவே பெரிய காரணம்.

ஓர் எடுத்துக்காட்டு

எங்கள் உழவர் திருவிழாவில் பல்லடம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தாயார், மா ஒட்டுக்கன்றுகள் விற்ற இடத்தில் நின்று என்னிடம் கேட்டார்: "ஏனுங்க தம்பி, எனக்கு அறுபத்தஞ்சு ஆச்சுங்க. நான் இருந்து திங்கிற மாதிரி ஒரு மரஞ் சொல்லுங்க." மாவின் மேல்தான் அவருக்கு ஆசை.

விசாரித்தேன். வீட்டுக்கு வடக்கே கொல்லை. வீட்டிலிருந்து பின்சுவர் வரை முப்பது அடி நீளம், இருபது அடி அகலம். வீடு கைப்பிடிச் சுவரோடு பதினான்கு அடி உயரம். மார்கழி நிழலிலேயே ஒன்பது, பத்து அடி போய் விடும். வடமேற்கு மூலையில் கழிவுநீர்த் தொட்டி. சமையலறைத் தண்ணீர் கொல்லையின் நடுவே ஓடிக் கிழக்கே இறங்குகிறது. மீதி உள்ளது வடகிழக்கில் ஏறக்குறைய பன்னிரண்டு அடிச் சதுரம், அதுவும் எப்போதும் ஈரம்.

"அம்மா, இந்த இடத்தில் மா தழைக்கும், ஆனால் பூக்காது. கொய்யாப் பதியன் வையுங்கள். இரண்டாம் ஆண்டிலேயே காய் பார்க்கலாம். பக்கத்தில் ஒரு எலுமிச்சை வைக்க ஆசைப்படுவீர்கள், அந்த ஈரத்தில் வேண்டாம்" என்றேன். அவருக்கு முகம் வாடித்தான் போயிற்று. உடன் வந்திருந்த மருமகள், "அத்தை, மாவைத் தோட்டத்துச் சாளைக்குப் பக்கத்துல வெச்சுக்கலாங்க. அங்க வெயிலு நல்லா விழுது" என்று சொன்ன பிறகு, கொல்லைக்கு ஒரு கொய்யாவும் தோட்டத்துக்கு ஒரு மாவும் வாங்கிச் சென்றனர். அந்த மருமகள் சொன்னதுதான் சரியான தீர்வு. விவசாயக் குடும்பங்களுக்கு வீட்டுக் கொல்லை ஒன்றே இடமல்லவே. கிணற்று மேடும் சாளை ஓரமும் இருக்கின்றன.

ஒற்றை மரத்துக்கு ஏற்ற இரகம்

இடம் முடிவானால் இரகம் பாதி முடிவானது போலத்தான். மீதிப் பாதிக்கு ஒரு கருத்தை மனத்தில் வைக்க வேண்டும். தோப்புக்குச் சிபாரிசு செய்யப்படும் இரகங்கள் சந்தையை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. ஒரே சமயத்தில் அறுவடைக்கு வர வேண்டும், லாரியில் நசுங்கக் கூடாது, பழக்கூழ் ஆலை எடுக்க வேண்டும். கிருஷ்ணகிரியில் பெங்களூரா இரகம் பரவியிருப்பதற்குக் காரணம் இதுவே. வீட்டுக்கு வேண்டியது வேறு: ஆண்டுதோறும் தவறாமல் காய்க்க வேண்டும், மரம் அடக்கமாக இருக்க வேண்டும், ருசி வீட்டாருக்குப் பிடிக்க வேண்டும், துணை மரம் இல்லாமலும் காய் பிடிக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நெல்லி தன் மரத்து மகரந்தத்தால் நன்றாகக் காய் பிடிக்காது. தோப்பில் இரண்டு மூன்று இரகங்களைக் கலந்து நடுவது அதனால்தான். கொல்லையில் ஒற்றை நெல்லி நட்டு, அக்கம்பக்கத்திலும் வேறு நெல்லி மரம் இல்லை என்றால், கிளை முழுவதும் பூத்து அப்படியே உதிரும். நெல்லி வேண்டும் என்றால் பவானிசாகர் 1 ஒன்றும் என்.ஏ. 7 ஒன்றுமாக இரண்டு நட வேண்டும். அல்லது பக்கத்து வீட்டுக்காரரும் நீங்களும் பேசி வைத்து ஆளுக்கு ஓர் இரகம் நடலாம். சப்போட்டாவில் பெரிய பழத்துக்கு ஆசைப்பட்டுக் கிரிக்கெட் பால் இரகத்தைத் தனித்து நடுபவர்களுக்கும் இதே ஏமாற்றம்தான். காய்ப்பு குறைவு, சதையும் நறநறப்பு. வீட்டுக்குக் காளிப்பட்டியோ, குத்தி இரகத்திலிருந்து தேர்ந்தெடுத்த பெரியகுளம் 1 இரகமோ போதும். பப்பாளியில் கோ 3, கோ 7 ஆகியவற்றில் பெண் மரமும் இருபால் மரமும் மட்டுமே வரும். கோ 2, கோ 8 போன்றவற்றில் ஆண் மரம் தனியாக வரும். மூன்றே கன்று நடும் வீட்டில் மூன்றும் ஆணாகப் போகக்கூடிய இரகத்தை ஏன் எடுக்க வேண்டும்?

கொய்யாவில் லக்னோ 49 இன்றும் நம்பிக்கையான இரகம். புனேயில் டாக்டர் சீமா 1927-இல், லக்னோவிலிருந்து வந்த அலகாபாத் சபேதா விதையில் முளைத்த செடிகளிலிருந்து தேர்ந்தெடுத்தது. சர்தார் என்றும் பெயர். மரம் அதிகம் உயராமல் படர்ந்து வளர்வதால் பெண்களும் பிள்ளைகளும் நின்றபடியே பறிக்கலாம். அலகாபாத் சபேதா ருசியில் குறைந்ததன்று, ஆனால் நிமிர்ந்து வளரும். சிவப்புச் சதை விரும்புவோர் லலித், அர்கா கிரண் ஆகியவற்றைக் கேட்டு வாங்கலாம். கொய்யா புதிய துளிரில் காய்ப்பது. வெட்ட வெட்டக் காய்க்கும். எனவே எட்டடி இடத்திலும் அடக்கி வைக்கலாம். மாவுக்கு இந்தச் சௌகரியம் இல்லை. அறுவடை முடிந்த கையோடு கவாத்து செய்யாமல் ஐப்பசியில் வெட்டினால் அடுத்த ஆண்டுப் பூவை வெட்டி விட்டோம் என்று பொருள்.

மா இரகத்தில்தான் ஆசையும் கேள்வியும் அதிகம். திருச்சி, திருவரங்கம் பக்கத்து இமாம்பசந்தின் ருசிக்கு ஈடில்லை. ஆனால் காய்ப்பு கஞ்சத்தனம், மரமும் பெரிது. சேலத்து மல்கோவாவும் அப்படியே. அல்போன்சா நம் சமவெளியில் ஓர் ஆண்டு காய்த்து ஓர் ஆண்டு ஏமாற்றும். கொல்லையில் ஒரே மரம் வைக்கும் குடும்பத்துக்கு இவற்றை நான் சொல்ல மாட்டேன். நீலம் ஆண்டுதோறும் காய்க்கும். பருவக் கடைசியில் வருவதால் பழ ஈயும் கொட்டை வண்டும் கொஞ்சம் தொல்லை தரும். விழுந்த பழங்களை அன்றாடம் பொறுக்கி ஆழக் குழியில் புதைத்து வந்தால் பழ ஈ குறையும். வீட்டு மரத்தில் இது எளிது.

இடம் குறைந்தவர்களுக்கு நீலத்தின் வழிவந்த இரண்டு இரகங்களைச் சொல்வேன். ஒன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் பையூர் ஆராய்ச்சி நிலையத்தின் பையூர் 1, குட்டை மரம். மற்றொன்று, தசேரியையும் நீலத்தையும் ஒட்டி டெல்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட ஆம்ரபாலி. பழம் சிறிது, சதை ஆழ்ந்த ஆரஞ்சு நிறம், இனிப்பு மிகுதி, ஆண்டுதோறும் காய்க்கும், மரமும் அடக்கம். ஆம்ரபாலியை ஏக்கருக்கு அறுநூறுக்கும் மேல் நெருக்கி நடும் முறையே உண்டு என்றால் அதன் அடக்கத்தைப் புரிந்து கொள்ளலாம். இடம் தாராளமாக உள்ளவர்கள் பங்கனப்பள்ளியையோ, சின்னசுவர்ணரேகாவையும் நீலத்தையும் சேர்த்த பெரியகுளம் 1 மாவையோ வைக்கலாம்.

எலுமிச்சைக்கு விதைக் கன்றே போதும். எலுமிச்சை விதையில் தாய் மரத்தின் திசுவிலிருந்தே கருக்கள் உண்டாவதால் கன்றுகள் பெரும்பாலும் தாயைப் போலவே வரும். மாவிலும் சப்போட்டாவிலும் அந்த நம்பிக்கை வைக்க முடியாது. நல்ல பழத்தின் கொட்டையைப் போட்டால் நல்ல மரம் வரும் என்பது நம் ஊர் மாவில் பொய்த்துப் போகும். காய்க்கவே ஏழெட்டு ஆண்டு ஆகும் என்பதால், பொய்த்தது தெரிய வருவதற்குள் காலம் போய் விடும். பலாவிலும் ஒட்டுக்கன்றே நல்லது. பண்ணுருட்டியை அடுத்த பணிக்கன்குப்பத்து மரத்திலிருந்து தேர்ந்தெடுத்த பாலூர் 1 இரகத்தைக் கேளுங்கள்.

கன்று வாங்கும்போதும் நட்ட பிறகும்

அரசு தோட்டக்கலைப் பண்ணையிலோ பல்கலைக்கழக நாற்றுப் பண்ணையிலோ வாங்குவது நலம். தனியாரிடம் வாங்கினால் தாய் மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். வண்டியில் கொண்டு வந்து தெருவில் விற்கும் கன்றின் அட்டையில் எழுதியிருக்கும் பெயரை நம்ப வேண்டாம். பூவோடும் காயோடும் நிற்கும் கன்றைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். ஒட்டுப் பகுதி நன்றாக மூடி, மேல் தண்டும் கீழ்த் தண்டும் ஏறக்குறைய ஒரே பருமனாக, ஒன்றரை முதல் இரண்டு அடி உயரத்தில், முதிர்ந்த இலையோடு இருப்பதே நல்ல கன்று. பையின் அடியில் வேர் சுருண்டு வட்டமிட்டிருந்தால் ஒதுக்கி விடுங்கள்.

மாவுக்கும் சப்போட்டாவுக்கும் மூன்று அடி நீள, அகல, ஆழத்திலும், கொய்யாவுக்கு இரண்டு அடியிலும் குழி எடுத்து, பதினைந்து நாள் ஆறப் போட்டு, மேல்மண்ணோடு பத்துக் கிலோ மக்கிய தொழு உரமும் ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கும் கலந்து மூட வேண்டும். மண் அமர்ந்த பின் பையைக் கிழித்து, மண் கட்டி உடையாமல் நட வேண்டும். ஒட்டுப் பகுதி தரைக்கு மேல் அரை அடியாவது உயர்ந்து நிற்பது மிக முக்கியம். அது மண்ணுக்குள் புதைந்தால் அழுகல் வரும். ஒட்டுக்குக் கீழிருந்து வரும் துளிர்களை மாதம் ஒரு முறை பார்த்துக் கிள்ளி எறியுங்கள். விட்டு வைத்தால் வேர்ச்செடி மேலோங்கி ஒட்டுக் கிளையை அமுக்கி விடும். ஆம்ரபாலி என்று வளர்த்த மரத்தில் புளிப்பு நாட்டு மாங்காய் காய்ப்பதன் இரகசியம் இதுதான். நாற்றுப் பண்ணைக்காரர் மேல் பழி போடுவதற்கு முன் இதைச் சரி பார்க்கவும்.

ஆடி, ஆவணியில் நட்டால் வடகிழக்குப் பருவமழைக்குள் வேர் பிடித்து விடும். மழை இல்லாத நாட்களில் முதல் ஆண்டு வாரம் இருமுறை தண்ணீர் போதும். வளர வளரத் தண்ணீரைத் தண்டடியில் ஊற்றாமல் கிளையின் விளிம்புக்கு நேர் கீழே வட்டப் பாத்தி எடுத்து ஊற்ற வேண்டும். மா ஒட்டுக்கன்று முதல் ஆண்டிலேயே பூத்து விடும். முதல் மூன்று ஆண்டுப் பூங்கொத்துகளைக் கிள்ளி விட்டால்தான் மரம் உருவம் பிடிக்கும். மூன்றாம் ஆண்டில் பிள்ளைகளுக்காக ஒரு கொத்தில் இரண்டு காய் விட்டு வைத்தால் குற்றமில்லை. அந்தக் கிளைக்கு மட்டும் ஒரு கவட்டைக் குச்சி முட்டுக் கொடுங்கள்.